கோவையில் கட்டிய மூன்றரை அங்குல நீராவி எஞ்சின்

தண்டவாளத்தின் அகலம் 89 மி.மீ. எஞ்சினை ஒரே ஆள் தூக்கி மேஜைமேல் வைத்துவிடலாம். ஆனால் உள்ளே எரிவது நிஜ நெருப்பு, கொதிப்பது நிஜத் தண்ணீர். பின்னால் ஒரு தள்ளுவண்டியைக் கோத்து நான் அதில் உட்கார்ந்தால், என்னையும் இழுத்துக்கொண்டு போகும். பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "உள்ள மோட்டார் இருக்குதுங்களா?" என்பதுதான். மோட்டார் கிடையாது. கரியும் தண்ணீரும் மட்டும்தான்.

இப்படி ஒன்றைக் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் லேத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எத்தனை அடி பெட், எந்தக் கம்பெனி, சைனா லேத் போதுமா என்று. கோயம்புத்தூரில் லேத் ஒரு பிரச்சினையே இல்லை. தெருவுக்கு ஒரு பட்டறை இருக்கிற ஊர் இது. எஞ்சின் ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிப்பது செம்புத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சிப் பற்றவைக்கிற வேலையும், அப்புறம் அந்தச் சின்ன அடுப்பில் தீ மூட்டிப் பழகுவதும்தான். அதனால் இங்கே அதிகமும் நெருப்பைப் பற்றியே எழுதப் போகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட வரைபடம் டிச் என்ற எஞ்சினுடையது. நான்கே சக்கரம், இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய இங்கிலாந்துக்காரர், புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காகவே வடிவமைத்தது. 1920-களில், இந்த அளவு சின்ன எஞ்சின் கரியில் ஓடி ஆளை இழுக்கும் என்பதைச் செய்து காட்டி வாதாடியவர் அவர். அவருடைய வரைபடங்களில் எனக்குப் பிடித்தது, பெரிய எஞ்சினை அப்படியே குறுக்கிவிடாத அறிவு. 16-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பாய்லரில் 50 மி.மீ. இருக்கிற புகைக்குழாய் இங்கே 3 மி.மீ. ஆகும். அதில் காற்று இழுக்காது, ஒருமுறை எரித்தாலே கரி அடைத்துக்கொள்ளும். அதனால் எண்ணிக்கையைக் குறைத்து 10 மி.மீ. சுற்றுக்குக் குழாய் போடுகிறோம். நீளம் 16-இல் ஒரு பங்காகும்போது, உள்ளே நிற்கிற தண்ணீர் 4096-இல் ஒரு பங்காகிவிடும். பெரிய எஞ்சினில் டிரைவர் கொஞ்சம் அசந்தாலும் பாய்லர் தாங்கும். இதில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயிலிருந்து பார்வையை எடுத்து ஒரு வாய் டீ குடிப்பதற்குள் நீர்மட்டம் இறங்கியிருக்கும்.

மாறாதது நீராவியின் வெப்பம். இந்த எஞ்சின் ஓடுகிற ஐந்தரை கிலோ பிரஷரில் (சதுர செ.மீ.க்கு) அது 160 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். பொம்மையானாலும் ஊட்டி மலை ரயிலானாலும் அதே கணக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

முதல் தடங்கல் அளவுகள். பழைய ஆங்கில வரைபடங்களில் எல்லாம் அங்குலம். மரைகள் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் வகையும், அங்குலத்துக்கு 40 இழை கொண்ட மெல்லிய மரையும். அந்த மரைகளை வெட்டும் டேப், டை நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. வேலை தொடங்கும் முன்பே மொத்த வரைபடத்தையும் மில்லிமீட்டருக்கு மாற்றிப் புதிதாக வரைந்துவிடுங்கள். பாதி அங்குலம், பாதி மில்லி என்று ஓட்டினால் எங்கேயோ ஒரு துளை தப்பும். 6 பி.ஏ. என்று இருக்கிற இடத்தில் எம்3 போடலாம். 2.8 மி.மீ. திருகுக்குப் பதில் 3 மி.மீ., அவ்வளவுதான் வித்தியாசம். பாய்லர் பிட்டிங்குகளுக்கு மட்டும் மெல்லிய பிட்ச் டேப் வாங்கியே ஆக வேண்டும். சுவர் மெலிதாக இருக்கிற இடத்தில் சாதாரண மரைக்கு இரண்டு சுற்றுகூடப் பிடிப்பு இருக்காது, கசியும்.

சட்டம், சக்கரம் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 3 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டை லேசர் கட்டிங்கில் கொடுத்தால் சட்டம் ரெடியாக வரும். ஆனால் துளைகளை அங்கே போட வேண்டாம். இரண்டு தகட்டையும் சேர்த்து இறுக்கி ஒரே டிரில்லில் போடுங்கள், இடமும் வலமும் மாறவே முடியாது. சக்கரங்களைக் கடைசி வெட்டுக்கு வரும்போது டூலை அசைக்காமல் நான்கையும் வரிசையாக ஓட்டி முடியுங்கள். விட்டம் ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம், அது வரைபடத்தில் இருக்கிற எண்ணிலிருந்து கால் மில்லி விலகினால் பரவாயில்லை. கிராங்க், அதாவது தண்டு சக்கரத்தைச் சுற்றும் முளை, நிற்கிற கோணமும் அப்படித்தான். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 90 டிகிரி என்கிறார்கள். 89 ஆனாலும் எஞ்சின் ஓடும். முன் அச்சு 89, பின் அச்சு 90 என்றால் இணைப்புத் தண்டு சுற்றுக்குச் சுற்று பிடித்து இழுக்கும். கோணத்தைப் பிடித்து நிறுத்துகிற ஒரு ஜிக் செய்து, இரண்டு அச்சையும் அதே ஜிக்கில் வைத்து ஒட்டிவிட்டால் தொல்லை இல்லை.

சிலிண்டர் வார்ப்புக்குக் கோவையில் கணபதி என்ற பகுதியில் ஒரு சின்ன ஃபவுண்டரிக்குப் போனேன். பம்பு புஷ் ஊற்றுகிற இடம். கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) அவர்களுக்குத் தினசரி வேலை. நான் கொண்டுபோன மர பேட்டர்னை (வார்ப்புக்கான மாதிரியை) உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு முதலாளி சொன்னார்: "இத்தனூண்டுக்குத் தனியா உலை மூட்ட முடியாதுங்க. நம்ம புஷ் ஊத்தறப்ப கூடவே ஊத்தித் தர்றேன். ரெண்டு வேணும்னா அஞ்சா எடுத்துக்குங்க, சின்ன வார்ப்புல எங்க குமிழி இருக்கும்னு கடைஞ்சாத்தான் தெரியும்." சரியான யோசனை. ஒன்றில் துளை போடும்போது உள்ளே குமிழி வெளிப்பட்டது. கையில் உபரி இருந்ததால் வேலை நிற்கவில்லை. பேட்டர்ன் செய்யும்போது உலோகம் ஆறிச் சுருங்குவதற்கு நூற்றுக்கு ஒன்றரை பங்கு, கடைசலுக்கு ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டரில் என் துளை 18 மி.மீ. அந்த பிஸ்டனின் பரப்பு இரண்டரை சதுர செ.மீ. ஐந்தரை கிலோ பிரஷரில் அது தள்ளுகிற விசை 14 கிலோ அளவு. பேரிங் போட்ட வண்டியில் ஒரு ஆளை நகர்த்த இது தாராளம். நீராவி உள்ளே போகும் வழி இருக்கிற முகத்தை மட்டும் கண்ணாடித் தகட்டின்மேல் நைஸ் எமரித் தாள் வைத்து, எட்டு போடுவதுபோலத் தேய்த்து மட்டமாக்குங்கள். நீராவியைச் சிலிண்டரின் இரண்டு முனைக்கும் மாற்றி மாற்றி விடும் ஸ்லைடு வால்வு அதன்மேல்தான் உட்கார்ந்து ஓட வேண்டும்.

இனி பாய்லர்.

ஏன் செம்பு? துருப்பிடிக்காது, சூட்டை நன்றாகக் கடத்தும், சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும். முன் தகடு, பின் தகடு, ஃபயர்பாக்ஸ் (தீ எரிகிற பெட்டி) தகடு எல்லாவற்றுக்கும் ஓரத்தை மடித்து எடுக்க வேண்டும். இரும்பில் ஒரு அச்சு செய்து, தகட்டை அதன்மேல் இறுக்கி, ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி மடிக்கிறோம். செம்பைச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் துணிபோல மெத்தென்று ஆகிவிடும். பத்து அடி அடித்ததும் மறுபடி விறைக்கும். சுத்தியலின் சத்தம் மாறும், மந்தமாக இருந்தது கணீர் என்று கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி காய்ச்ச வேண்டும். பிடிவாதமாக அடித்தால் மூலையில் கீறல் விழும்.

கணக்கு பார்க்கிறவர்களுக்கு ஒன்று. உருளை வடிவ உடல் பகுதி பயப்பட வேண்டிய இடமே இல்லை. 76 மி.மீ. குழாய், 2 மி.மீ. கனம், ஐந்தரை கிலோ பிரஷர் என்றால் செம்பில் விழும் இழுவிசை சதுர செ.மீ.க்கு நூறு கிலோ சுற்று. காய்ச்சிய செம்பு அறுந்துபோக 2000 கிலோவுக்கு மேல் வேண்டும். ஆபத்து தட்டையான தகடுகளில்தான். 7 செ.மீ. சதுரத் தகடு ஒன்றின்மேல் அதே பிரஷர் 270 கிலோ எடையாக அழுத்தும். தாங்கல் இல்லாவிட்டால் தகடு வயிறு தள்ளிக்கொண்டு வரும். அதனால்தான் ஃபயர்பாக்ஸின் உள் சுவருக்கும் வெளிச் சுவருக்கும் நடுவே வரிசையாக ஸ்டே தண்டுகள். வரைபடத்தில் எத்தனை போட்டிருக்கிறதோ அத்தனையும் போடுங்கள். அழகுக்காக ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள்.

பற்றவைப்புக்கு வருவோம். நம் ஊரில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகள் செம்புக் குழாயை இணைக்க ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். பாஸ்பரஸ் கலந்தது, விலை குறைவு, செம்பில் வெண்காரம் மாதிரி ஃப்ளக்ஸ் இல்லாமலே ஓடும். பார்க்க ரொம்ப வசதியாக இருக்கும். கரி எரிகிற ஃபயர்பாக்ஸ் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். நிலக்கரிப் புகையில் இருக்கிற கந்தகம் அந்த இணைப்பைக் காலப்போக்கில் அரித்துவிடும். நூற்றுக்கு 55 பங்கு வெள்ளி கலந்த, பாஸ்பரஸும் காட்மியமும் இல்லாத கம்பியைக் கேட்டு வாங்குங்கள். 630 முதல் 660 டிகிரிக்குள் உருகும். காட்மியம் கலந்த பழைய சரக்கு மலிவாகக் கிடைத்தால் தொடவே வேண்டாம், அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். செலவில் பெரிய பங்கு இந்த வெள்ளிக் கம்பிதான். அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பிட்டிங்குகளைத் திருகுவதற்காகப் பாய்லரில் பற்றவைக்கிற மரை வளையங்களான புஷ்களுக்குப் பித்தளை வேண்டாம் என்பதும் இதே வகை. கொதிநீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறி, கடைசியில் பஞ்சு மாதிரி செம்பு மட்டும் நிற்கும். மரை ஒருநாள் கையோடு வந்துவிடும். பாய்லரோடு பற்றவைக்கிற எல்லாமே கன்மெட்டலோ பாஸ்பர் பிரான்ஸோ ஆக இருக்கட்டும்.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தெரிந்த நகை ஆசாரி ஒருவர். வெள்ளிப் பற்றும் வெண்காரமும் அவர் கையில் வளர்ந்த விஷயம். நான் ஒரு பழைய செம்புத் துண்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தார். தீயைக் கம்பியின்மேல் பிடித்து உருக்கி ஊற்ற முயன்றுகொண்டிருந்தேன்.

"கம்பிக்குத் தீ காட்டாதீங்க தம்பி. பொருளைக் காய வையுங்க. அது பதத்துக்கு வந்துட்டா, கம்பி தொட்டதும் தானா இழுத்துக்கும்" என்றார்.

"பதம் வந்துருச்சுன்னு எப்படிங்கண்ணா தெரியும்?"

"வெண்காரத்தைப் பாருங்க. முதல்ல பொங்கும், அப்புறம் அடங்கும், கடைசியா கண்ணாடியாட்டம் பளபளன்னு ஓடும். அப்பத்தான் தொடணும்."

வெப்பமானி எதுவும் வேண்டியிருக்கவில்லை, இந்த ஒன்றே போதுமாக இருந்தது. ஆனால் அவர் வேலைக்கும் பாய்லருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மோதிரத்தை ஊதுகுழலால் காய வைத்துவிடலாம். இரண்டு மூன்று கிலோ செம்பு வெப்பத்தை எல்லாப் பக்கமும் கடத்திக்கொண்டே இருக்கும். ஒரு மூலையை மட்டும் காய வைக்கவே முடியாது, முழுப் பாய்லரும் மங்கலான சிவப்புக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஆக்சி அசிட்டிலின் கட்டிங் டார்ச்சை வைத்து ஒரே இடத்தில் அடித்தால் அந்த இடம் உருகி ஓட்டை விழும், பக்கத்தில் ஒட்டியிருக்காது. ஃபயர் பிரிக் வைத்து மூன்று பக்கமும் அடைத்த மேடை, சமையல் கேஸில் எரிகிற பெரிய வாய் பர்னர் ஒன்று, துணைக்கு இன்னொரு பர்னரோடு இன்னொரு ஆள். இது தனி ஆள் வேலை இல்லை. ஒருவர் முழுதையும் சூட்டில் வைத்திருக்க, மற்றவர் இணைப்பைப் பார்த்துக் கம்பி கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் அமிலத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்யாவிட்டால் அடுத்த இணைப்பு ஓடாது. பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கந்தக அமிலம் போதும். தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை அல்ல. சிட்ரிக் ஆசிட் பொடியைக் கரைத்தாலும் ஆகும், மெதுவாக வேலை செய்யும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதுவே நல்லது. பாய்லர் நன்றாக ஆறிய பிறகுதான் அமிலத்தில் இறக்க வேண்டும். குழாய்க்குள் புகுந்த அமிலம் சூட்டில் பீய்ச்சி அடிக்கும்.

பாய்லர் முடிந்ததும் பரிசோதனை. நம் நாட்டுப் பாய்லர் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவைக் கணக்கில் எடுப்பதில்லை. என்னுடையது ஒரு லிட்டர் சுற்று. அதாவது எந்த இன்ஸ்பெக்டரும் வந்து பார்க்க மாட்டார். இங்கிலாந்தில் மாதிரி எஞ்சின் கட்டுபவர்களின் கிளப்பில் ஒருவர் பரிசோதித்துச் சான்று கொடுத்தால்தான் பொது இடத்தில் ஓட்ட விடுவார்கள். அந்தக் கட்டுப்பாட்டை இங்கே நாமே நம்மேல் போட்டுக்கொள்ள வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பிளம்பர்கள் வைத்திருக்கிற கையால் இயக்குகிற டெஸ்ட் பம்பை வாடகைக்கு எடுத்தேன். பாய்லரில் ஒரு குமிழி காற்றுகூட இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஓடும் பிரஷரைப் போல இரண்டு மடங்கு, அதாவது 11 கிலோவுக்கு மெல்ல ஏற்றி நிறுத்திப் பார்த்தேன். காற்றை வைத்து இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள். தண்ணீர் சுருங்குவதில்லை, தகடு விட்டாலும் பிரஷர் உடனே விழுந்து ஒரு சொட்டோடு முடியும். அழுத்திய காற்று வெடிக்கும். தட்டைத் தகடுகளின் குறுக்கே ஸ்கேல் வைத்து, ஏற்றும் முன்பும் ஏற்றிய பின்பும் பாருங்கள், நிரந்தரமாகப் புடைத்திருக்கக் கூடாது. ஒரு ஸ்டே தண்டின் ஓரத்தில் முத்துமாதிரி ஒரு துளி எட்டிப் பார்த்தது. இறக்கி, சுத்தம் செய்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி 11 கிலோ.

அப்புறம் நெருப்போடு ஒரு சோதனை. சேஃப்டி வால்வு ஐந்தரை கிலோவில் திறக்கிற மாதிரி வைத்து, தீயை முழுதாக எரியவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீராவியைச் செலவு செய்யாமலே விட்டாலும் பிரஷர் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் வால்வின் துளை போதவில்லை.

ஓட்டத் தொடங்கிய பிறகு தெரிந்த விஷயங்கள் தனி. எஞ்சினை கம்ப்ரஸர் காற்றில் ஓட்டிப் பார்த்தபோது தையல் மெஷின்போல ஓடியது. நீராவியில் முதலில் அப்படி ஓடாது. குளிர்ந்த சிலிண்டருக்குள் நுழைகிற நீராவி தண்ணீராகிவிடும், தண்ணீர் சுருங்காததால் பிஸ்டன் முட்டி நிற்கும். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் கிளம்பும்போது இரண்டு பக்கமும் வெள்ளைப் புகை பீய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் டிரெய்ன் காக்கைத் திறந்து அந்தத் தண்ணீரைத்தான் வெளியேற்றுகிறார். நம்முடையதிலும் அந்தக் குட்டி வால்வுகளைத் திறந்து வைத்து, எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிச் சூடேற்றிய பிறகுதான் நீராவியைச் சிலிண்டருக்குத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் தொட வேண்டும்.

எரிபொருளுக்கு இங்கிலாந்துக்காரர்கள் வேல்ஸ் நிலக்கரியைப் புகழ்வார்கள். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம், உள்ளங்கை அகல அடுப்புக் கம்பிகளுக்கு நடுவே சீக்கிரமே கட்டிதட்டி அடைத்துவிடும். நான் கொட்டாங்குச்சிக் கரிக்கு வந்து சேர்ந்தேன். இஸ்திரிக் கடைக்காரர்கள் பயன்படுத்துகிற அதே சரக்கு. புகை குறைவு, சாம்பல் குறைவு, கந்தகம் என்ற பேச்சே கிட்டத்தட்ட இல்லை. சுண்டுவிரல் நுனி அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து எடுத்துவிட வேண்டும். வேகமாக எரிந்து தீரும் என்பது ஒன்றுதான் குறை. அதனால் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மூட்டுவதற்கு மண்ணெண்ணெயில் ஊறவைத்த துண்டுகள், புகைபோக்கியின்மேல் காற்றை இழுக்க ஒரு 12 வோல்ட் ஃபேன். பிரஷர் ஒரு கிலோவைத் தாண்டியதும் ஃபேனை எடுத்துவிட்டு புகைபோக்கியில் நீராவியைப் பீய்ச்சிக் காற்றை இழுக்கிற எஞ்சினின் சொந்த புளோயரைத் திறந்துவிடலாம்.

தண்ணீருக்குக் கோவைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், சிறுவாணி இருக்கிறது. போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், நுரைத்து நீராவியோடு சிலிண்டருக்கும் போகும். வெளியூர்க்காரர்கள் மழைநீர் பிடித்து வையுங்கள்.

"தீ நல்லா இருக்கு, பிரஷர் மட்டும் நிக்க மாட்டேங்குது" என்பது இந்த எஞ்சின்களில் பொதுவான புகார். என்னுடையதும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. பாய்லரைச் சந்தேகிக்கும் முன் முன்பக்கப் புகைப்பெட்டியைப் பாருங்கள். சிலிண்டரிலிருந்து வரும் நீராவி புகைபோக்கி வழியே மேலே பாயும்போது புகைப்பெட்டியில் வெற்றிடம் உண்டாகி, அதுதான் தீயின் வழியாகக் காற்றை இழுக்கிறது. பெட்டியில் குழாய் நுழைகிற இடத்தில் ஊசி நுழையும் சந்து இருந்தால் காற்று அந்தக் குறுக்கு வழியில் வந்துவிடும், தீ மந்தமாகும். எனக்கு அடிப்பக்கக் குழாய்த் துளையில்தான் சந்து. எரிகிற ஊதுவத்தியைச் சுற்றிலும் காட்டிப் பார்த்தேன், புகை அங்கே உள்ளே வளைந்தது. அடுப்புச் சிமென்ட் பூசியதும் அடுத்த தடவையே சேஃப்டி வால்வு ஊதத் தொடங்கிவிட்டது. அந்த நீராவி வெளியே பாயும் நாசிலின் நேர்மேலே புகைபோக்கி நடுவாக நிற்கிறதா என்பதையும் அப்போதே ஒரு நேரான கம்பி விட்டுப் பார்த்துவிடுங்கள்.

பாய்லருக்குத் தண்ணீர் ஏற்ற இரண்டு வழி எப்போதும் இருக்க வேண்டும். என்னிடம் அச்சோடு ஓடுகிற பம்பும், தொட்டிக்குள் ஒரு கைப்பம்பும் இருக்கின்றன. நிற்கும்போது அச்சுப் பம்பு வேலை செய்யாது, கைப்பம்பு ஒன்றுதான் கதி. அதற்காக இப்போது ஒரு இன்ஜெக்டர் செய்துகொண்டிருக்கிறேன். 1858-இல் பிரான்சில் ஹென்றி ஜிஃபார்டு கண்டுபிடித்த சாதனம். நகரும் பாகம் எதுவும் இல்லாமல், பாய்லரின் நீராவியைக் கொண்டே அதே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும். இந்த அளவில் உள்ளே இருக்கிற கூம்பின் கழுத்து ஒரு மில்லிகூட வராது, அந்தத் துளையைச் சீராக்கும் ரீமர்களைச் சில்வர் ஸ்டீல் என்ற கருவி எஃகில் நாமே கடைந்து, கடினப்படுத்தித் தீட்டிக்கொள்ள வேண்டும். குட்டி இன்ஜெக்டர்கள் வெதுவெதுப்பான தண்ணீரை வாங்காது. பாய்லரை ஒட்டியிருக்கிற பக்கத் தொட்டியின் தண்ணீர் சித்திரை வெயிலில் அரை மணியில் சுட ஆரம்பித்துவிடும். அதனால் நான் உட்காருகிற வண்டிக்கு அடியில் தனியாக ஒரு தொட்டி வைத்து, நிழலிலிருந்து குழாய் இழுத்திருக்கிறேன். கூம்புகளில் இரண்டு தயார், மூன்றாவதற்கு ரீமர் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.